செலீனின் முறை வரும்வரை

கோட்-டெ-நெய்ஜ் முதியோர் இல்லத்தில் செலீன் கிழவி சாகிற அன்றைக்கும் ஒரு பிடிவாதத்தோடுதான் கிடந்தாள். பத்தொன்பது வயதில் தான் பாடிய ஒரே இசைத்தட்டைக் கேட்காமல் போகமாட்டாளாம். பெரிய வாத்தியக் குழுக்கள் ஊரையே ஆட்டிவைத்த காலம் அது. தட்டில் குழுத்தலைவரின் பெயர் இருக்கும். பாடிய பெட்டையின் பெயர் இருக்காது. ஆகவே அவள் கதையை ஒருவரும் நம்பவில்லை, அவளைக் குளிப்பாட்டித் துடைக்கும் தங்கராசாவைத் தவிர. அவள் சொன்ன தலைவரின் தட்டையும், சாவி முறுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்றையும் தேவாலயத்துப் பழஞ்சாமான் விற்பனையில் கண்டுபிடித்துத் தூக்கிவந்தான்.

"பின்னேரம் தாங்காதாம் அண்ணை. கெதியாப் போடுங்கோ," என்றாள் தாதி யோகராணி, கிழவியின் நாடியைப் பிடித்தபடி.

தங்கராசா சாவியை முறுக்கினான். சுருள்வில் அறுந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல்மாடியில் செத்துக்கொண்டிருந்த ஒருவர் எழும்பிக் கோப்பி கேட்டாராம். செலீன் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிறினாள்.

"இனி என்ன செய்யப்போறியள்?"

"கையால சுத்துறன்."

தட்டின் நடுவில் விரலை வைத்துச் சுற்றினான். எக்காளங்கள் முழங்கின. பிறகும் எக்காளங்களே முழங்கின.

"பாடுற மனுசியின்ர குரல் எங்க அண்ணை?"

"இன்னும் மேடையில கதிரையில இருக்கிறா. பாதிப் பாட்டு முடிஞ்சாப் பிறகுதான் எழும்பிப் பாட விடுவினமாம்."

"அதுவரைக்கும் இவவுக்கு மூச்சுக் காணாது!"

தங்கராசா ஊசியைத் தூக்கித் தட்டின் பாதியில் வைத்தான். செலீனின் எலும்புக் கை அவன் சட்டையைப் பற்றியது. முதலிலிருந்து போடு என்று பிரெஞ்சில் சீறினாள். முறை வருமுன் எழும்பினால் தலைவர் துரத்திவிடுவாராம்.

மறுபடி எக்காளம். அவளுடைய மூச்சு விட்டுவிட்டு வந்தது. தங்கராசா பதறிப்போய் வேகமாகச் சுற்றினான். பாட்டும் ஓடிவந்தது. ஆனால் பாடியது பெண்ணல்ல, வாலில் மிதிபட்ட எலி.

"இது நானில்லை," என்றாள் செலீன். கண்ணோரம் நனைந்திருந்தது.

"ஐயோ, கெடுத்துப்போட்டியளே!"

"சும்மா இரு பிள்ளை."

திரும்பவும் தொடக்கத்திலிருந்து. அவசரப்படக் கூடாது, அவசரப்படாமல் இருக்கவும் முடியாது. விரல்நுனியில் தோல் உரிந்தது. கிழவி எழும்பப் போகிறவளைப் போல முகவாயை உயர்த்தினாள். கடைசி எக்காளம் இழுத்து ஓய்ந்தது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது, கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் பயத்தோடு, ஆனால் சரியான வேகத்தில்.

"அண்ணை, போயிட்டா."

"எப்ப?"

"இப்பதான். அந்த ஊதல் முடியேக்குள்ள."

"கேட்டவாவோ?"

யோகராணி பிடித்த கையை விடவில்லை. "சுத்துங்கோ," என்றாள்.

தங்கராசா சுற்றினான். ஒரு பிள்ளை எழும்பி நின்று பாடிக்கொண்டிருக்கையில் எப்படி நிறுத்துவது?