மடித்த துண்டு

அந்தச் சிறுமியை எல்லோரும் எறும்பு என்றே அழைத்தார்கள். பெயர் வைத்தவன் அவளுடைய தாய்மாமன். பொத்தான், பாட்டில் மூடி, துணிக்கவ்வி, எது கையில் அகப்பட்டாலும் சுவர் ஓரமாக இடைவெளி பிசகாமல் வரிசையாக வைத்துவிட்டுத்தான் அவள் அடுத்த வேலையைப் பார்ப்பாள். வயது ஒன்பது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்ற சொல்லை ஒரு டாக்டர் முதன்முதலில் சொன்ன அன்று, அவளுடைய தாய் தலையில் கல்லைப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் எழுந்து முகம் கழுவியபோது, பேச்சு வராவிட்டால் போகட்டும், தானும் மகளும் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அப்படி வந்ததுதான் பச்சைத் துண்டு.

அவளுக்கு ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. காலை முதல் மாலை வரை, உலர்த்தும் இயந்திரம் துப்பிய துண்டுகளை மடித்து அடுக்க வேண்டும். ஓரம் நைந்ததால் கழித்துப்போட்ட துண்டு ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நகம் வெட்ட வேண்டுமா, முடி வெட்ட வேண்டுமா, ஊசி போட வேண்டுமா, முதலில் அந்தத் துண்டு எறும்பின் மடியில் விரிக்கப்படும். உனக்குப் பிடிக்காத ஒன்று இப்போது நடக்கப்போகிறது என்று அதற்குப் பொருள். வேலை ஆனதும் தாய் அதை நாலாக மடித்து ஓரமாக வைப்பாள். முடிந்துவிட்டது, இனி யாரும் உன்னைத் தொடமாட்டார்கள் என்று அதற்குப் பொருள்.

இந்த ஒழுங்கில் அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டித் துண்டை மடித்த பிறகுதான் சுண்டுவிரல் ஒன்று விட்டுப்போயிருப்பது தெரிந்தது.

"ஒரு விரல்தானேக்கா, டக்குனு வெட்டி விட்டுரு" என்றான் தாயின் தம்பி, எறும்பு என்று பெயர் வைத்த அந்த மாமன்.

"மடிச்சாச்சுடா."

"மடிச்சா என்ன, ராஜமுத்திரையா குத்திட்ட? விரிச்சு வெட்டிட்டு மறுபடி மடி."

"உனக்கு அது துணி. அவளுக்கு அது என் வாக்கு. வாயை மூடிட்டு வேலையப் பாரு."

அந்த ஒற்றை நகம் ஒரு வாரம் வளர்ந்து, தாயின் முழங்கையில் நீளமாகக் கீறியது. கீறலைத் துடைத்துக்கொண்டு அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பலனும் இருந்தது. துண்டு விரித்திருக்கும்வரை எறும்பு பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு விறைக்க, எதையும் பொறுத்துக்கொள்வாள். மடித்த அந்தக் கணத்தில் வாயை அகலத் திறந்து, அடிவயிற்றிலிருந்து 'ஆ…' என்று நீளமாக மூச்சு விடுவாள். மூட்டையை இறக்கிய சுமைக்காரன் விடும் மூச்சு அது. அதன்பின் ஒரு சிரிப்பு. பேச்சில்லாத அந்த வீட்டில் அதைவிடப் பெரிய உரையாடல் எதுவும் நடந்ததில்லை.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் எறும்பு தன் வலது கன்னத்தைத் தானே குத்திக்கொள்ளத் தொடங்கினாள். ரொட்டியைத் தொடுவதில்லை. பாலைக்கூட ஆற வைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்துத்தான் குடித்தாள்.

குழந்தைகள் மருத்துவர் அவளை நாற்காலியிலிருந்தே பார்த்தார்.

"இந்தப் பிள்ளைங்க அப்பப்போ இப்படித் தன்னையே அடிச்சுக்கும்மா. அமைதியா இருக்க ஒரு மருந்து எழுதறேன்."

"ஒரே பக்கம்தான் அடிச்சுக்கறா டாக்டர்."

"அதுவும் இவங்க வழக்கம்தான்."

வாயைத் திறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. மருந்து குடித்த எறும்பு பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். விழித்த நேரத்தில் அதே கன்னத்தைக் குத்திக்கொண்டாள். வலிக்கிற இடத்தைக் காட்ட அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான் என்று தாய்க்கு விளங்கியது. எழுதிக் கொடுத்த மருந்து அந்த வழியையும் அடைக்கப் பார்த்தது.

பல் டாக்டர்களுக்குப் போன் போட்டாள். சலவைப் பிரிவின் இரைச்சலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"ஆட்டிசமா? அப்போ அதுக்குன்னு இருக்கற ஸ்பெஷலிஸ்ட்டப் பாருங்கம்மா."

"அவங்க எங்க இருக்காங்க?"

"அது எங்களுக்குத் தெரியாதே."

ஒரே ஒருவர் வரச் சொன்னார். நாற்காலி பின்னால் சாய்ந்ததும் எறும்பு அலறி, காலை உதைத்தாள். தட்டிலிருந்த கருவிகள் தரை முழுக்கச் சிதறின. அடுத்த நொடியே, அழுதபடி கீழே இறங்கி, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவர் ஓரமாக நீளத்தின்படி வரிசைப்படுத்தினாள். கூட வந்திருந்த தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாத்தீங்களா டாக்டர், உங்க ஆளுங்களவிட நீட்டா அடுக்கறா" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. இது தன் இடத்துக்கு ஒத்துவராது என்றும், பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும் என்றும் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களைப் பந்தாடினார்கள். மயக்க மருந்து டாக்டர் சொன்னால்தான் தேதி கொடுப்போம் என்றது பல் பிரிவு. பிறந்தபோது இதயத்தில் ஏதோ சத்தம் கேட்டதாகக் குறிப்பு இருக்கிறதே, இதய டாக்டரின் கடிதம் வேண்டும் என்றார் மயக்க மருந்து டாக்டர். இதய டாக்டர் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்து, இதயம் கல்லுப்போல இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தபோது, மயக்க மருந்துப் பிரிவில் ஆள் பற்றாக்குறை.

"பேரு சேர்த்தாச்சும்மா. நாங்களே கூப்பிடுவோம்."

"எப்போ?"

"கூப்பிடும்போது."

கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுபவன். எங்கோ ஒரு சாலையோரத்திலிருந்து போனில் கத்தினான். "ஒரு பல்லப் புடுங்க ஊர்ல ஆளில்லையா? நீ ஒழுங்காக் கேக்கறதில்ல!"

"நான் கேக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான். வந்து புடுங்குங்க" என்று அவள் போனை வைத்தாள்.

ஒரு காலை எறும்பின் கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. உடம்பு கொதித்தது. அன்றுதான், கூட வேலை செய்த ஒருத்தி சொல்லி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த பல் டாக்டரிடம் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பொறுமைக்காரர் என்று பெயர். பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொண்டார். தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். எறும்பு உட்கார்ந்திருந்த தரையில் தானும் உட்கார்ந்து, சிறு கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, வெகுநேரம் சும்மா இருந்தார். அதன்பின் தாய் துண்டை விரித்தாள். கண்ணாடியின் பிடி உதட்டில் பட்டது, அவ்வளவுதான். தாய் துண்டை மடித்தாள். எறும்பு 'ஆ…' என்று வாய் பிளந்தபோது, எட்ட இருந்தபடியே அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டார்.

"அட, மடிச்சாத்தான் கதவு திறக்குமா!" என்று அவர் சிரித்தார். தாயும் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு அது.

பிறகு அவர் முகம் மாறியது. "கடைவாய்ப்பல் ஒண்ணு அழுகி, அடியில சீழ் கட்டியிருக்கு. அதுக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு கெட்டிருக்கு, அது கொஞ்சம் பொறுக்கும். மயக்கம் கொடுத்துப் பண்றதுதாம்மா முறை. ஆனா அவங்க கூப்பிடற வரைக்கும் இந்தச் சீழ் காத்திருக்காது. கண்ணுக்கு ஏறும், அதுக்கு மேலயும் ஏறும். வீக்கம் வடிய மருந்து தர்றேன். வடிஞ்சதும் வாங்க, நானே எடுக்கறேன்."

இவ்வளவு நாளில் 'நானே' என்று ஒருவர் சொன்னது அதுவே முதல்முறை.

சொன்னபடி போனார்கள். துண்டு விரிக்கப்பட்டது. மரத்துப்போக ஊசி போட்டபோது எறும்பு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், மடியிலிருந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டார். ஒரு சத்தம் கேட்டது. சுள்ளி முறிகிற சத்தம்.

"உடைஞ்சிருச்சு" என்றார் அவர். குரலில் பதற்றம் இல்லை. நெற்றியில் வியர்வை இருந்தது. "மேல்பாதி வந்துருச்சு. வேர் உள்ள இருக்கு."

எறும்பு வாயை மூடிக்கொண்டாள். உதட்டோரம் இரத்தம் வழிந்தது. டாக்டர் விரலால் தட்டினார், கொஞ்சினார், கண்ணாடியைக் காட்டினார். தாடை பூட்டுப் போட்டதுபோல இறுகியிருந்தது. அவள் தாயின் கையைப் பற்றி இழுத்து, துண்டின் ஓரத்தில் வைத்தாள். மறுபடி எடுத்து, மறுபடி வைத்தாள். மடி என்று கேட்கிறாள். ஒன்பது வயதில் அவள் தாயிடம் வாய்விட்டுக் கேட்டதற்குச் சமமான முதல் வேண்டுகோள் அது.

"மடிங்கம்மா" என்றார் டாக்டர்.

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல. மடிச்சா வாயைத் திறப்பால்ல? அந்த நேரம் போதும் எனக்கு."

தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முடியாம நான் மடிச்சதே இல்ல டாக்டர்."

"எனக்குப் புரியுது. ஆனா வேரை உள்ள விட்டுட்டு அனுப்பினா, சீழ் திரும்ப வரும். அடுத்த தடவை அவ இந்தப் படியே ஏறமாட்டா. சீழ் இருக்கற இடத்துல ஊசி முழுசாப் பிடிக்காது, இப்பவே மரப்பு இறங்கிட்டிருக்கும். சீக்கிரம்."

"வேற வழி…"

"நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி, நெம்பித் திறக்கலாம். தாடைக்கு ஆபத்து. நீங்க சொல்லுங்க."

"அக்கா, மடிச்சிரு" என்றான் தம்பி. கிண்டலெல்லாம் அவன் குரலிலிருந்து கழன்றுபோயிருந்தது. "ஒரு நிமிஷம்க்கா. அவளுக்காகத்தானே?"

எறும்பு மூன்றாம் முறையாகத் தாயின் கையை எடுத்துத் துண்டின் மேல் வைத்தாள்.

தாய் மடித்தாள். அவள் கைகளுக்கு அது பழகிய வேலை. மூளை சொல்லாமலே ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. எறும்பின் தோள்கள் தளர்ந்தன. வாய் அகலத் திறந்தது. 'ஆ…' என்ற அந்த மூச்சு பாதி வெளியே வந்தபோது மாமனின் கைகள் தலையைப் பிடித்தன, டாக்டரின் கை உள்ளே போனது.

அலறல் மருந்துக்கடைவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அலறிய நேரம் முழுவதும் எறும்பு டாக்டரைப் பார்க்கவில்லை. தன் தலையைப் பிடித்திருந்த மாமனையும் பார்க்கவில்லை. மடித்து வைத்த துண்டைப் பார்த்தாள்; பிறகு தாயைப் பார்த்தாள்.

வேர் வந்துவிட்டது. டாக்டர் பஞ்சை அழுத்திக்கொண்டே, "நல்ல வேலை பண்ணீங்கம்மா" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

காய்ச்சல் இறங்கியது. வீக்கம் வடிந்தது. எறும்பு ரொட்டி தின்றாள். கன்னத்தைக் குத்திக்கொள்வதை விட்டாள். கணவன் போனில், "பாத்தியா, ஒரு பல்லுக்குப் போயி எவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்றான். கூட வேலை செய்தவர்கள் மகிழ்ந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று தாயும் இரண்டு வாரம் நம்பினாள்.

உடம்பு தேறட்டும் என்று அதுவரை விட்டுவைத்திருந்த நகத்தை வெட்ட, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை துண்டை விரித்தாள். எறும்பு எப்போதும்போல விறைத்து உட்கார்ந்தாள். பத்து விரலும் ஆயிற்று. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, தாய் துண்டை மடித்தாள்.

எறும்பு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் சரிந்தாள்.

"முடிஞ்சிருச்சு கண்ணு. நிஜமாவே முடிஞ்சிருச்சு." தாய் துண்டை விரித்தாள். கைகள் வாயைவிட்டு மெல்ல இறங்கின. மடித்தாள். கைகள் பாய்ந்து வாயைப் பொத்தின. நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அலமாரிக்குள் ஒளித்து வைத்தாள். ஒளித்ததும் எறும்பு அலறினாள். துண்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மடிந்திருப்பது அவளுக்கு இன்னும் பெரிய பயமாக இருந்தது. கடைசியில் தாய் அதை எடுத்துவந்து அவள் மடியில் விரித்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் துண்டு விரித்தபடியே கிடந்தது. அதை மடியிலிருந்து நழுவவிடாமல், உடம்பு விறைத்தபடியே, எறும்பு உட்கார்ந்திருந்தாள். இனி எதுவும் அவளுக்கு முடியப்போவதில்லை.

சில நாள் கழித்து, சலவைப் பிரிவில் இருந்தபோது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"இதயக் கடிதம் கொடுத்தீங்களே, அந்தக் குழந்தையோட அம்மாவா? மயக்க மருந்துக்கு இடம் கிடைச்சிருக்கு. வர்ற வாரம் கூட்டிட்டு வாங்க. பல்லு இன்னும் இருக்குல்ல?"

"ஒண்ணு எடுத்தாச்சு. ரெண்டு இருக்கு."

"சரி, ரெண்டையும் ஒரே மயக்கத்துல எடுத்துரலாம். சில கேள்வி கேக்கணும்." அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எடை, ஒவ்வாமை, வலிப்பு. தாய் தடையில்லாமல் பதில் சொன்னாள். "கடைசியா ஒண்ணு. மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் குழந்தை அமைதியா இருக்கணும். பயப்படாம இருக்க வீட்ல ஏதாவது பழக்கம் வெச்சிருப்பீங்களே? பாட்டு, பொம்மை, அந்த மாதிரி?"

தாய்க்கு எதிரே உலர்த்தும் இயந்திரம் நின்று, கதவு திறந்திருந்தது. வெதுவெதுப்பான துண்டுகள் குவியலாகக் கிடந்தன.

"இருந்துச்சு" என்றாள்.

"என்னம்மா? சத்தத்துல கேக்கல. என்னன்னு எழுதிக்கட்டும்?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவள் குவியலிலிருந்து முதல் துண்டை எடுத்தாள்.