எல்லோரும் இருக்கிறோம்

வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு மலையேறுவதெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று முதல் நாளே சொன்னேன். நான் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். ஒருபக்கமா இருபக்கமா என்று கேட்டுக் கேட்டே பிழைப்பு ஓடுகிறது. ஆனால் நாலு மாதம் முன்னால் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து அவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கூட்டம்தான் எல்லாம். தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மொத்தம் பதினோரு பேர். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். நடப்பதே பிரார்த்தனை என்பார். அடிவாரத்தில் மூடிய வாயை உச்சியில்தான் திறக்க வேண்டும், திரும்பியும் பார்க்கக் கூடாது. வழியில் நாலு வளைவுகள். ஒவ்வொன்றிலும் அவர் நின்று, கையைப் பின்னால் நீட்டி அடுத்தவர் தோளைத் தட்டுவார். அந்தத் தட்டு ஒவ்வொருவராகக் கடைசி ஆள்வரை போய், மறுபடி முன்னால் வரவேண்டும். வந்துவிட்டால் எல்லோரும் இருக்கிறோம் என்று அர்த்தம்.

அன்று காலை வேனை விட்டு இறங்கியதுமே என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "இவ மட்டும் மேல போற வரைக்கும் பேசாம வந்துட்டா, நான் என் பேரையே மாத்திக்கிறேன்."

அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இரு, உனக்கு இன்றைக்கு இருக்கிறது என்று கறுவிக்கொண்டேன். அவர் வழக்கம்போல் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் நான்.

முதல் இரண்டு வளைவுகளில் அவர் என் தோளை வேண்டுமென்றே இரண்டு முறை தட்டினார். கிண்டல்தான். மூன்றாவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. கையை நீட்டினேன். பின்னால் யாரும் இல்லை. இன்னும் நீட்டினேன். வெறும் ஈரக்காற்று.

ஷூ லேஸ் கட்டுகிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை, என் வாயைத் திறக்கவைக்க வேண்டுமென்றே ஒளிகிறார். கூப்பிட்டால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். பாழாய்ப்போன வீம்பு! முன்னால் நின்ற தையல்கார அக்காவின் தோளைத் தட்டினேன். வரிசை நகர்ந்தது.

நாலாவது வளைவிலும் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் ஒரு பொய் சொல்லியாகிவிட்டதே. அதையும் தட்டி அனுப்பினேன்.

உச்சியில் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "பதினோரு பேரையும் பத்திரமா கொண்டு வந்து சேர்த்ததுக்கு நன்றி."

நான் கண்ணைத் திறந்து எண்ணினேன். பத்துப் பேர்தான் இருந்தோம்.

"என்னம்மா, சாரைக் காணோம்?" டாக்டர் பதறவில்லை. "நாலாவது வளைவுல தட்டினாருல்ல?"

"ஆமா" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அதுக்கு மேலதான் எங்கேயோ இருக்கணும். பயப்படாதீங்க."

நாலாவது வளைவுக்கும் உச்சிக்கும் நடுவே எல்லோரும் பரவினார்கள். புதரை விலக்கினார்கள், பாறை இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள், சார் சார் என்று கத்தினார்கள். நானும் தேடினேன். அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே புதரைத் தள்ளித் தள்ளித் தேடினேன். சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படியே இருபது நிமிடம் போனது.

தையல்கார அக்கா என் கையைப் பிடித்து, "கவலப்படாத, நீதான் தட்டு வாங்கினியே" என்றாள்.

"இல்லக்கா! வாங்கவே இல்ல! மூணாவதுலயே அவர் இல்ல, நானாத்தான் தட்டினேன்!"

எல்லோரும் கீழே ஓடினார்கள். இரண்டாவது வளைவுக்கு நூறடி மேலே, பாதையோரப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டை கையில் இருந்தது, பிரிக்கவில்லை. அது பிரிக்கக் கஷ்டமான அட்டை, வீட்டில் நான்தான் பிரித்துக் கொடுப்பேன்.

டாக்டர் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தைத் தொட்டார். வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உடம்புல சூடு இன்னும் ஆறலம்மா. இப்பதான், உயிர் போய் ஒரு கால் மணி நேரம் இருக்கும்."