கட்டினவன் அவிழ்க்கட்டும்

கொடி ஏற்றுவது சுலபமான வேலை என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கம்பத்தின் உச்சியில் ஒரு சின்னக் கப்பி இருக்கும். கொடியின் மேல் மூலையில் கட்டிய கயிறு அந்தக் கப்பியைச் சுற்றி உங்கள் கைக்கு வரும். அதை இழுத்தால் கொடி ஏறும். கீழ் மூலையில் கட்டிய கயிறு நேராகக் கைக்கு வரும். அது இறங்கு கயிறு.

சூட்சுமம் இந்த இறங்கு கயிற்றில்தான். கொடியை நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, உதிரிப்பூவை உள்ளே வைத்துச் சுருட்டி, இறங்கு கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு கயிற்றின் ஒரு மடிப்பை மட்டும் அந்தச் சுற்றுக்குள் செருக வேண்டும். முழுசாக முடிச்சுப் போட்டுவிட்டால் ஏணிதான் கொண்டுவர வேண்டும். மடிப்பாகச் செருகினால், கொடி உச்சிக்குப் போனதும் கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் போதும், உருவிக்கொண்டு வந்துவிடும். கொடி விரியும், பூ கொட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுருட்டிய பிறகு அது வெறும் துணிப் பொட்டலம். காவி மேலே வருமா பச்சை மேலே வருமா என்பது கட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் நான் கற்றது வெள்ளைக்காரனின் கடற்படையில். கப்பலில் கொடி காட்டிச் சேதி சொல்லும் சிக்னல்மேன் வேலை. நாற்பத்தாறு பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்கள் கப்பலின் கொடிமரத்திலிருந்து வெள்ளைக்காரனின் கொடியை இறக்கியவன் நான்தான். இறக்கும்போதும் தரையில் பட விடவில்லை. நாலாக மடித்துத்தான் வைத்தேன், அது தொழில். என்னை டிஸ்மிஸ் செய்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிப்போட்டேன். டிஸ்மிஸ் ஆனவர்களுக்கு இடமில்லை என்று நம்முடைய சர்க்காரே பதில் எழுதியது.

திருவொற்றியூரில் ஒரு கயிற்று ஆலையில் சேர்ந்தேன். ராயபுரத்து வீட்டில் அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஹவில்தார் மாரியப்பன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பாலம் கட்டியவர். தாத்தாவும் அதே படை. ஆர்டரை மீறியவன் எங்கள் குடும்பத்தில் அதுவரை இல்லை.

ஐம்பது ஜனவரி இருபத்தாறு. நாடு குடியரசாகிற நாள். ஆலையில் கொடியேற்று விழா. கோட்டையிலிருந்து ஒரு மேஜர் வருகிறார். வட்டாரத்திலேயே மூத்த பட்டாளத்துக்காரர் என்று அப்பாவைக் கொடியேற்றக் கூப்பிட்டிருந்தார்கள். கொடியைச் சுருட்டிக் கட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கட்டினேன்.

ஹெட் கிளார்க் சண்முகவேல் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரகுபதி, மேஜர் எதுனா கேட்டா, ஒடம்பு சரியில்லாம கப்பல உட்டு வந்துட்டேன்னு சொல்லிடு."

"ஒடம்பு நல்லாத்தான் சார் இருந்துச்சு. கொடிய எறக்கினேன், தொரத்திட்டாங்க. கேட்டா அதத்தான் சொல்லுவேன்."

"பட்டாளத்துக்குக் கயிறு குடுக்கிற கம்பெனிய்யா இது! அப்ப நீ கேட்டுக்கு வெளிய நில்லு." இரண்டடி போனவர் திரும்பினார். "கோவத்துல தலகீழா கட்டிடலியே?"

நான் கயிற்றில் கை வைத்தேன். "அவுத்துக் காட்டட்டா? அப்பறம் நீங்களே கட்டிக்கோங்க."

"வேணாம், வேணாம்."

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் கட்டிய கொடி விரியும்போது அதன் கீழே நிற்க வேண்டும். அதுதான் இல்லை என்றாகிவிட்டது. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கேட்டின் கம்பிக்கு இந்தப் பக்கம், உள்ளே இருக்கிறவர்கள் கண்ணில் நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்து நின்றேன்.

"இன்னா மாமு, கொடி உள்ள, நீ வெளியவா?" என்றான் வாட்ச்மேன் ஜஹாங்கீர்.

"நான் நின்னா பறக்காதாம்."

"உள்ள உடாதன்னு ஆர்டரு. எனக்கே பேஜாரா கீது."

அப்பா வந்தார். பழைய கோட்டு, அதில் மூன்று பதக்கம். என்னைப் பார்த்ததும் நின்றார். நாலு வருஷம் கழித்து என்னிடம் வாயைத் திறந்தார்.

"இங்க இன்னா நின்னுகினு கீற?"

"வெளிய நிக்க சொன்னாங்க, நைனா."

"யாரு கட்டினது?"

"நான்தான்."

கம்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சரியாக எட்டு மணிக்கு அப்பா கயிற்றைப் பிடித்தார். ஒரே சீராக இழுத்தார். பொட்டலம் ஆடாமல் உச்சிக்குப் போய் நின்றது. இழுத்த கயிற்றைக் கம்பத்தில் கட்டினார். இறங்கு கயிற்றைத் தொடவில்லை. இரண்டடி பின்னால் வந்து, கையை ஒட்டவைத்து விறைப்பாக நின்றுவிட்டார்.

கூட்டம் மேலே பார்த்தது. பொட்டலம் பொட்டலமாகவே இருந்தது.

சண்முகவேல் கேட்டுக்கு ஓடிவந்தார். "அடப்பாவி, இன்னாடா பண்ணி வெச்ச?"

நான் கம்பி வழியாகக் கத்தினேன். "நைனா! இன்னொரு கயித்த சுண்டு!"

ஆலை முழுக்கக் கேட்டிருக்கும். அப்பா திரும்பவே இல்லை. மேஜர் எழுந்து வந்து இந்துஸ்தானியில் கேட்டார்: "ஹவில்தார், என்ன தாமதம்? கயிற்றை இழு."

பட்டாளத்தில் இருபத்தோரு வருஷம் இந்துஸ்தானியில் பதில் சொன்ன மனுஷர், அன்றைக்குத் தமிழில் சொன்னார்.

"முடியாது சாப். கட்டினவன் கேட்டாண்ட நிக்கிறான். எம் புள்ள. அவன் வந்து அவுக்கட்டும்."

கம்பத்தடிக்குத் திரும்பியிருந்த சண்முகவேல் அதை மொழிபெயர்க்கவில்லை. அவசியமும் இருக்கவில்லை. மேஜர் கேட்டைப் பார்த்தார், அப்பாவின் பதக்கங்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முந்நூறு பேரும் மேஜரைப் பார்த்தார்கள். அப்பாவின் நெற்றியில் வேர்வை இறங்கியது. துடைக்கவில்லை.

"பதினஞ்சு வரைக்கும் எண்ணிட்டேன், மேஜரு வேணான்னு சொல்லல," என்று முணுமுணுத்த ஜஹாங்கீர், யாரையும் கேட்காமல் தாழ்ப்பாளைத் தூக்கினான்.

நடந்தேன். ஓடவில்லை. சண்முகவேல் சட்டையைப் பிடிக்க வந்தார், மேஜர் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். இறங்கு கயிற்றைப் பிடித்து மணிக்கட்டால் ஒரு சுண்டு. மடிப்பு உருவியது. பூ அப்பாவின் தலையில் கொட்டியது. காவி மேலே, பச்சை கீழே. கடல்காற்று கொடியை வாங்கிக்கொண்டது.

மேஜர் சல்யூட் அடித்தார். கொடிக்குத்தான். அப்பாவும் அடித்தார். நானும் அடித்தேன், கடற்படை சல்யூட். யாரும் தடுக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது கேட்டேன். "நைனா, சுண்டணும்னு நெஜமாவே ஒனக்குத் தெரியாதா?"

"டைகிரிஸ் ஆத்துல படகுப் பாலம் கட்டினவன்டா நானு. எனக்குத் தெரியாத முடிச்சா?"

"மேஜரு ஆர்டர் போட்டாரே."

தலைமுடியில் சிக்கியிருந்த ஒரு சாமந்தி இதழை எடுத்துப் போட்டார்.

"பம்பாய்ல நீ பண்ணது தப்புதான். இப்பவும் சொல்லுவேன்." கோட்டில் ஒட்டியிருந்த இன்னொரு இதழைத் தட்டிவிட்டார். "இன்னிக்கி நான் பண்ணதும் தப்புதான். எட்டி நட, வண்டி வந்துட்ச்சு."