மன அமைதிக்கு ஓடுற தண்ணி

எங்க முதியோர் இல்லத்துக்குத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நிம்மதி வரும். கையில லேப்டாப், தோள்ல ரெண்டு ஸ்பீக்கர், உச்சந்தலையில ஒரு குடுமி. அந்த ஆளுக்கு வீட்ல வச்ச பேர் ஏதோ இருக்கு. வாயைத் திறந்தா "நிம்மதி, நிம்மதி"ன்னே வர்றதால நாங்க வச்ச பேர் அதுதான். வயசானவங்களுக்கு மனசுல அழுத்தம் ஜாஸ்தியாம், இதமா இசை கேட்டா இறங்கிடுமாம். பதினாலு வருஷமா இங்க ஆயா வேலை பார்க்குறேன். அழுத்தம் எங்கேருந்து வருதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கீழ்த்தளத்துல இருபத்திரண்டு பேருக்கு நாலு கக்கூஸ். அதுல ரெண்டு ஒரு வருஷமா ரிப்பேர்.

இசைன்னு பேர்தான். மெல்லிசா ஒரு புல்லாங்குழல், அதுக்குப் பின்னால முழுக்கத் தண்ணி. முதல்ல ஓடை சலசலன்னு ஓடும், அப்புறம் மழை, கடைசியில சொட்டுச் சொட்டா ஏதோ சொட்டும். டீ குடிச்ச கையோட எல்லாரையும் கூடத்துல உட்கார வச்சு, கதவைச் சாத்தி, நாற்பது நிமிஷம் யாரும் எழுந்திருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு, தண்ணி சத்தம் விட்டா என்ன ஆகும்? புள்ளை பெத்தவ யாரைக் கேட்டாலும் சொல்லுவா. குழந்தையைக் காலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டு நாம "உஸ்ஸ்"ங்கிறது எதுக்காம்? மெத்தப் படிச்ச மேதைக்கு அது தெரியல.

இதுல ஆராய்ச்சி வேற. உள்ள வர்றப்ப எல்லார் விரல்லயும் கிளிப் மாட்டி நாடி பார்ப்பான். வராந்தா முழுக்க நடந்து வந்து மூச்சு வாங்குற நேரம் அது. நாற்பது நிமிஷம் உட்கார்ந்தப்புறம் மறுபடி பார்ப்பான். "பாருங்க, இறங்கிடுச்சு!"ம்பான். இறங்காம என்ன பண்ணும்? சும்மா சுவத்தைப் பார்த்து உட்கார்ந்தாலும் இறங்கும்டா, அறிவுக்கொழுந்தே.

மாட்டிக்கிட்டது டீச்சர். எழுபத்தொன்பது வயசு, முப்பத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவங்க. யார் கையையும் பிடிக்காம, கோலை ஊன்றிக்கிட்டு தானே கக்கூஸ் போய்ட்டு வருவாங்க. அவங்களுக்குன்னு மிச்சம் இருந்த மரியாதை அது ஒண்ணுதான். எங்க இல்லத்துல ஈரப் புத்தகம்னு ஒண்ணு உண்டு. யாராவது நனைச்சுட்டா பேர், இடம், நேரம் எழுதணும். ஒரே மாசத்துல மூணு தடவை பேர் ஏறினா மாடிக்கு அனுப்பிடுவாங்க. மாடின்னா கம்பி வச்ச கட்டில், நாள் முழுக்க டயப்பர், லிஃப்ட் சாவி நர்ஸ் இடுப்புல. அங்க போனவங்க யாரும் நடந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

டீச்சர் பேர் அந்த மாசம் ரெண்டு தடவை ஏறிடுச்சு. ரெண்டும் கூடம், நாலரை மணி. ரெண்டும் என் கையெழுத்து. எழுதலைன்னா என் வேலை போயிடும்னு எழுதினேன். த்தூ, இதுவும் ஒரு பொழைப்பு.

மனசு கேட்காம மேனேஜர் ரூமுக்குப் போனேன். அந்தாளுக்கும் அறுபத்தொண்ணு ஆச்சு, சர்க்கரை இருக்கு, ஆனா வயசானவங்கன்னா வேற யாரோன்னு நினைப்பு.

"சார், அந்தத் தண்ணி சத்தத்தாலதான் சார் இப்படி ஆகுது. வேற ஏதாவது போடச் சொல்லுங்க. இல்லன்னா டீயையாவது அப்புறம் கொடுக்கலாம்."

"நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?"

"எட்டாவது சார்."

"அவர் இதுக்குன்னே படிச்சு பட்டம் வாங்கினவர்."

பட்டம் வாங்கினவர் பக்கத்துல உட்கார்ந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தார். "உள்ள அடைச்சு வச்சதெல்லாம் வெளிய வருதும்மா. அது நல்ல அறிகுறி."

"நல்ல அறிகுறின்னா எதுக்கு சார் மாடிக்கு அனுப்புறீங்க?"

"அது வேற ரூல்," அப்படின்னார் மேனேஜர். செவிடன் காதுல ஊதின சங்குதான்.

டீச்சர் தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டாங்க. உதடு வெடிச்சுப் போச்சு, பேசினா நாக்கு ஒட்டுது. "ஒரு வாய் குடிங்க டீச்சர், மயங்கி விழுந்துடுவீங்க"ன்னு கெஞ்சினேன். "விழுந்தா இங்கேயே விழுறேன்மா. மாடிக்கு மட்டும் போக மாட்டேன்"னாங்க. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

இருபதாம் தேதி மேலிடத்து அதிகாரி அம்மா பார்வைக்கு வந்தாங்க. நல்லா இருந்தா எல்லா இல்லத்துக்கும் இந்தத் தண்ணியைத் திறந்து விடுறதா ஏற்பாடு. மேனேஜர் வெளிர் நிறத்துல புது பேண்ட் போட்டு, காலையிலேருந்து அவங்களோட டீக்கு மேல டீ. நான் ஒண்ணும் பண்ணல. கேட்டதுக்கு மேல ரெண்டு தடவை ஊத்தினேன், அவ்வளவுதான்.

நாலு மணிக்குக் கதவைச் சாத்தினாங்க. முன்வரிசை சோபாவுல அதிகாரி அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க, பக்கத்துல மேனேஜர். பின்னால டீச்சர், கோலை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஓடை ஓடுச்சு. மழை ஆரம்பிச்சப்ப மேனேஜர் கால் மேல கால் போட்டார். அப்புறம் மாத்திப் போட்டார். அப்புறம் முழங்கால் ஆட ஆரம்பிச்சது. அந்த ஆட்டத்தை நான் தினம் இருபத்திரண்டு பேர்கிட்ட பார்க்குறேன், எனக்கா தெரியாது? எழுந்திருக்கவும் முடியல, அவரும் சேர்ந்து போட்ட சட்டமாச்சே. சொட்டுச் சத்தம் வந்தப்ப முழங்கால் நின்னுடுச்சு.

கதவைத் திறந்ததும் டீச்சர்தான் முதல்ல எழுந்தாங்க. அவங்க நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ஞ்சிருந்தது. கோலை ஊன்றிக்கிட்டு நேரா கக்கூஸ் பக்கம் நடந்தாங்க.

மேனேஜர் எழுந்திருக்கல.

"என்ன சார், வரலையா?"ன்னாங்க அதிகாரி அம்மா.

"ரொம்ப நிம்மதியா இருக்கு மேடம். ரெண்டு நிமிஷம்."

அப்ப பார்த்து நம்ம நிம்மதி வாய் சும்மா இருக்குமா? "உணர்ச்சி வெளியேறுறதைக் குறிச்சு வைக்க இங்க புத்தகமே இருக்கு மேடம்!"

"அப்படியா? முகம் கழுவிட்டு வர்றேன், எடுத்து வைங்க."

வழி காட்ட நிம்மதியும் அவங்க பின்னாலேயே ஓடினான். நான் புத்தகத்தை எடுத்தேன். டீச்சரோட ரெண்டு வரி இருந்த அதே பக்கத்துல, அதுக்கு நேர் கீழ எழுதினேன்: மேனேஜர், கூடம், முன்வரிசை சோபா, நாலு முப்பத்தெட்டு. என் ஆயுசுல அவ்வளவு அழகா நான் எழுதினதே இல்லை. ஒரு துண்டையும் எடுத்துக்கிட்டு சோபாவுக்குப் போய் புத்தகத்தை நீட்டினேன்.

படிச்சார். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "என்ன இது?"

"ரூல் சார்."

"கிழி."

"நான் கிழிக்கக் கூடாது சார். புத்தகம் உங்க பொறுப்பு."

வராந்தாவுல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. மனுஷன் பக்கத்தை முழுசா, வேரோட பிடுங்கி, கசக்கி, சட்டைப் பைக்குள்ள திணிச்சார். அவரோட ஒண்ணு, டீச்சரோட ரெண்டு, மூணும் ஒண்ணா உள்ள போச்சு.

வந்தது அதிகாரி அம்மா இல்லை, டீச்சர். வாசல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. சோபாவைப் பார்த்தாங்க, துண்டைப் பார்த்தாங்க, பை உப்பியிருந்ததைப் பார்த்தாங்க.

"முதல் தடவைதானே?"ன்னாங்க. "பயப்படாதீங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஒரு டம்ளர் தண்ணி கொடு"ன்னாங்க. நின்னபடியே, மேனேஜரைப் பார்த்துக்கிட்டே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாங்க. காலி டம்ளரை என்கிட்ட நீட்டினாங்க.

"இன்னொண்ணு."