பூஜ்யத்துக்குக் கீழே நட்சத்திரங்கள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கால் மரத்துப்போனால் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். வானத்தில் இருக்கும் ஒரு பெரும் பசியைப் பற்றியும், ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்களைப் பற்றியும் ஒரு கதை வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், நல்லபடியாக முடிகிற கதைதான்.

அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டில் இருவருக்கும் ஒரே சமையலறை. வேலைக்குப் போனால் அங்கேயும் ஒரே அறை, எதிரெதிர் மேசை. வானத்து விண்மீன் திரள்களை ஆராய்கிற நிலையம் அது. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக்கூட தனி எடம் கெடையாது" என்று பெரியவளின் கணவர் கேலி செய்வார். ஆனால் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. வில்லங்கமே அங்கேதான் இருந்தது.

அவர்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய விண்மீன் திரள்களின் நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள வாயு அதில் விழ விழ, அது பெருத்துக்கொண்டே போகும். விழப்போகிற வாயு கொதித்து ஒளி வீசும். அந்த ஒளியைப் பார்த்து, துளை எவ்வளவு தின்கிறது என்று பெரியவள் சொல்லிவிடுவாள். அதே திரளில், அதே வாயு வேறோர் இடத்தில் குளிர்ந்து திரண்டால் நட்சத்திரம் பிறக்கும். புது நட்சத்திரங்கள் பக்கத்திலுள்ள தூசியைச் சூடாக்கும். அந்தத் தூசியின் வெப்பத்தை அளந்து, எவ்வளவு நட்சத்திரம் பிறக்கிறது என்று சின்னவள் சொல்வாள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. துளையைச் சுற்றிய ஒளியும் தூசியைச் சூடாக்கிவிடும். அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை நட்சத்திரங்களின் பேரில் சேர்க்க வேண்டும்.

முந்தின வருடம் சின்னவள் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டிருந்தாள். நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறக்கிற திரள்களில் கருந்துளையும் கூடவே வேகமாக வளர்கிறது என்பதுதான் அவள் கண்டது. ஆனால் அவள் பார்த்தது கொஞ்சம் திரள்களைத்தான். பிறகு அவள் பிரசவத்துக்குப் போனாள். அந்தச் சமயத்தில் புதிய தொலைநோக்கி ஒன்று ஆயிரமாயிரம் திரள்களை அளந்து அனுப்பியது. குழந்தையை வீட்டில் விட்டுத் திரும்பி வந்தவள், ஆசை ஆசையாக அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள்.

தலையில் கல் விழுந்தது. துளை அதிகம் தின்கிற திரள்களில் நட்சத்திரப் பிறப்பு கூடவில்லை, குறைந்திருந்தது. கட்டுரைக்கு நேர்மாறு. ஒரு வாரமாக எப்படிப் புரட்டினாலும் அதே விடை.

"மத்தியானம் தலைவர்கிட்ட சொல்லிடப் போறேன்க்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் சின்னவள். "கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிறேன். வேலையையும் விட்டுடறேன்."

"கட்டுரை போனா போகட்டும். வேலைய எதுக்கு விடணும்?"

"தப்பா எழுதினவ சொல்றத இனிமே யாரு நம்புவா?"

பெரியவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "எங்க, ஒரு தடவ முதல்லேருந்து காட்டு. இதென்ன, ஓரத்துல தள்ளி வெச்சிருக்க?"

"பூஜ்யத்துக்குக் கீழ போன திரளுங்க. எப்பவும் நாலஞ்சு அப்படி வரும், தள்ளி வெச்சுடுவேன்."

"இது நாலஞ்சா? பாதி வானத்தையே தள்ளி வெச்சிருக்க. நட்சத்திரமே பொறக்கலைன்னாக்கூட பூஜ்யம்தானே. அதுக்கும் கீழன்னா, பொறந்ததெல்லாம் திரும்ப உள்ள போயிடுச்சா?"

அழுகைக்கு நடுவிலும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. "கழிச்சதுக்கப்புறம் அப்படி வருதுக்கா, நான் என்ன பண்ண?"

"கழிச்சியா? நீ எதுக்குக் கழிச்ச?"

"நான் கழிக்காம வேற யாரு கழிப்பா?"

பெரியவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு உருட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "நான்."

கைப்பிள்ளைக்காரி வந்ததும் திண்டாடக் கூடாதே என்று, துளையின் பங்கை எல்லாத் திரள்களிலும் பெரியவளே முன்கூட்டிக் கழித்துவைத்திருந்தாள். சின்னவளோ வழக்கம்போல இன்னொரு முறை கழித்திருந்தாள். துளை எவ்வளவுக்கு எவ்வளவு தின்றதோ, அவ்வளவுக்கு நட்சத்திரங்களின் பங்கும் பறிபோயிருந்தது.

"ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிடும்ல."

அந்த வீட்டு வழக்கம் அப்படி. ஒருத்தி துவைத்ததை இன்னொருத்தி மடித்துவைப்பாள், ஒருத்தி போட்ட பாத்திரத்தை இன்னொருத்தி கழுவிவைப்பாள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் அது அழகாகத்தான் இருந்தது.

சின்னவள் தன் கழித்தலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இருவரும் திரையை ஒட்டிக் குனிந்து பார்த்தார்கள். ஓரத்தில் கிடந்த திரள்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன. துளை கூடுதலாகத் தின்கிற பக்கம் போகப்போக நட்சத்திரப் பிறப்பும் கூடியது. போன வருடக் கட்டுரையின் வரைபடக் கோட்டைவிடச் சாய்வு கொஞ்சம் குறைவுதான். ஆனால் கோடு ஏறியது.

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியவளின் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒரு வாரப் பாரம் அப்படியே இறங்கியது.

நிலையத்தின் தலைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஏதோ வாபஸ்னு சொல்லணும்னீங்களாமே?"

"ஆமா சார். அந்த வாபஸையே வாபஸ் வாங்கிட்டேன்."

அவர் நடந்ததை முழுக்கக் கேட்டார். கைக்கு வந்த சில திரள்களைத் தானே எடுத்து, தூசியின் முழு வெப்பத்திலிருந்து ஒரே ஒரு முறை கழித்துப் பார்த்தார். அதே விடை வந்தது. "கோடு சரியா இருக்கு. கட்டுரை நிக்கும்" என்றார். "நல்லவங்க ரெண்டு பேரை ஒரே அறையில போட்டது என் தப்பு. இனிமே என்ன செஞ்சாலும் சத்தமா சொல்லிட்டுச் செய்யுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது சின்னவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அக்கா, சத்தமா ஒண்ணு சொல்லிடறேன். உங்க கைப்பையோட வாரு பிஞ்சிருந்தத நான்தான் தெச்சேன்."

"தெரியும். தையல் கோணலா இருந்துச்சு. பிரிச்சு மறுபடி தெச்சுட்டேன்."

"இத எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க?"

"சொல்றதாவே இல்ல" என்றாள் பெரியவள். தெருவென்றும் பாராமல் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அவ்வளவுதான் செல்லங்களா. உங்கள் வீட்டிலும் ஒருவருக்கொருவர் செய்கிற கை ஓயாமல் இருக்கட்டும், செய்ததைச் சொல்கிற வாயும் மூடாமல் இருக்கட்டும். தொலைந்தது என்று நீங்கள் அழுததெல்லாம் விடிவதற்குள் கைக்கு வரட்டும். பிள்ளைகுட்டிகளோடு மனம் குளிர்ந்து நன்றாக இருங்கள்.