சிந்தியாவின் நீல வலைக்குள் இருப்பது என்ன?

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு வெங்காயத்தில் கிடைத்தது. தோலை உரித்தால் கரி அப்பியதுபோல் ஒரு பூஞ்சை. அதற்குள் ஒரு நொதி. அந்த நொதி தனியாக ஒரு துரும்பைக்கூட அசைக்காது. துணைக்காரணி என்றொரு குட்டி மூலக்கூறு வந்து அதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். அடடா, இது காதல் கதையல்லவா என்று அடுப்படியிலேயே துள்ளிக் குதித்தேன்.

"வெங்காயத்த நறுக்கப்போறீங்களா, இல்ல அதோட பேசிக்கிட்டே இருக்கப்போறீங்களா?" என்றாள் விஜி. (விஜி என் மனைவி. கதைக்குள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.)

2.

முதல் தொடக்கம்: "1997. பெங்களூரின் இதமான குளிரில் சிந்தியா..." சே, ஊரே இப்படித்தான் தொடங்குகிறது.

இரண்டாவது: "படிகத்தின்மீது எக்ஸ்ரே கதிர்கள் பாய்ந்தபோது, அவற்றின் சிதறல்..." எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாவது இருக்கட்டும். பெங்களூர் ஜோகுபாளையத்து சிந்தியா, ஆய்வகத்தின் இருட்டறையில், திரையில் இருப்பதை முப்பரிமாணமாகக் காட்டும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணினித் திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூஞ்சையின் நொதியைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, கணக்குப் போட்டால் திரையில் நீல வலை ஒன்று விரியும். அணுக்கள் இருக்குமிடத்தில் வலை புடைக்கும். இதோ, பள்ளத்தில் ஒரு புடைப்பு! அவளுடைய முனைவர் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. துணைக்காரணியைத் தூக்கி அதற்குள் வைத்தாள், கணக்கை மறுபடி ஓட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. ஓடிப்போய் வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கத்தினாள்.

அம்மா ஜோசஃபின் சும்மா இருப்பாரா? "ஞாயித்துக்கெழம நன்றிப் பூசைக்குச் சொல்லிட்டேன்டி. என்னத்துக்குன்னு ஃபாதர் கேட்டாரு. எம்பொண்ணு பூஞ்சைக்குள்ள ஒண்ணு கண்டுபுடிச்சிட்டான்னேன். சரிம்மா, அதுவும் ஆண்டவர் படைச்சதுதானேன்னாரு!"

3.

உமேஷ்மேல் எனக்குச் சந்தேகம். சிந்தியாவோடு அதே ஆய்வகத்தில் வேலை செய்பவன். காதல் வேண்டும் என்று ஆசைப்பட்டு நான்தான் கொண்டுவந்து வைத்தேனோ? தூக்கிப் பார்த்தேன். அவனில்லாத கதையில் சிந்தியா நேரே பூசைக்குப் போய்விடுகிறாள். ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லை. அந்த ஓட்டை சரியாக உமேஷின் அளவில் இருந்தது. வாடா தம்பி, உள்ளே வா.

"நீ வச்சதத்தான் அது திருப்பிக் காட்டுது சிந்தியா. எடுத்துட்டு ஓட்டிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்தத் தொழிலின் வழக்கம் அது: ஆசைப்பட்டதை உள்ளே வைத்துக் கணக்குப் போட்டால், வலை முகத்தாட்சண்யத்துக்கு அப்படியே புடைத்துக் காட்டும். எடுத்துவிட்டும் புடைத்தால்தான் நிஜம். சந்தோஷத்தில் சிந்தியா அதை மறந்தே போனாள்.

"பள்ளத்துல இருக்கறது வெறும் தண்ணியா இருந்தா?" என்றாள்.

"தண்ணிதான். வேற படிகம் வளக்கணும்."

"பாவி, அம்மா பூசைக்குக் குடுத்துட்டாங்க!"

"பூசைய ஃபாதர் பாத்துப்பாரு. நீ மொதல்ல எடு."

சிந்தியாவுக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, எழுந்து போகவிடாமல் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. (சத்தியமாக, இந்த வாக்கியம் தானாக வந்தது.) பல்லைக் கடித்துக்கொண்டு துணைக்காரணியை அழித்தாள். கணக்கை ஓடவிட்டாள்.

4.

முடிவு அ: வலை புடைக்கிறது, கோயிலில் ஜோசஃபின் வாய்விட்டு அழுகிறார்.

முடிவு ஆ: பள்ளத்தில் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள். அவற்றுக்காக நன்றிப் பூசை நடக்கிறது.

முடிவு இ: கரண்ட் போய்விட்ட...

மூன்றிலும் உமேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். யார் பிடிக்கச் சொன்னது? நான்தான். அவள் செய்த அதே வேலை! மூன்றையும் தூக்கிவிட்டேன்.

மிச்சம் இவ்வளவுதான்: கணக்கு முடிந்தது. சிந்தியா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். உமேஷ் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, "நீயே பாத்துச் சொல்லு" என்றான். அவள் பார்த்தாள்.

"உமேஷ்..." என்றாள்.

அந்தக் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்டது? நான் அங்கே எதையும் வைக்கவில்லை.