சீனிப் பாகில் பச்சை மிளகாய்

நானும் என் வீட்டுக்காரர் அர்ஜுனனும் முப்பத்தோரு வருசம் சண்டை போட்டே வாழ்ந்தவர்கள். சட்டினிக்கு ஒரு சண்டை, சலவைக்கு ஒரு சண்டை. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு டிவியே தேவைப்பட்டதில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு, காடியை ஏன் மரத்தடியில் நிறுத்தினீர்கள், கார் கூரையெல்லாம் காக்கா எச்சம் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதுதான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பைபாஸ் செய்தார்கள். அதற்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். டாக்டருக்கு என் வாயைப் பற்றி என்ன தெரியும்? அன்றைக்கே அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

அவரும் மாறிவிட்டார். தண்ணீர் கொடுத்தால் "தேங்க்யூ" என்கிறார். கட்டின பெண்டாட்டிக்குத் தேங்க்யூ! வீடு பேங்க் கவுன்டர் மாதிரி ஆகிவிட்டது. என் மனுசன் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

உப்பைக் குறைக்கச் சொன்னதில் ஊறுகாய் போயிற்று, சம்பல் போயிற்று. சோற்றைச் சும்மா பிசைந்துகொண்டே இருப்பார். நல்லவேளை, சீனி வியாதி மட்டும் அவருக்கு இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பாசாரில் அரை கிலோ பெரிய பச்சை மிளகாய் வாங்கி வந்தேன். வினிகரிலும் சீனியிலும் வேகவைத்துப் பாட்டிலில் அடைப்பது, உப்பே கிடையாது. போனில் பார்த்து வைத்திருந்தேன்.

"நானும் வெட்டறேன், புஷ்பா," என்று வந்து உட்கார்ந்தார்.

வெட்டினார். ஒரு வட்டம் காகிதக் கனம், அடுத்த வட்டம் கட்டைவிரல் கனம். மிளகாய் வெட்டுறீங்களா, விறகு வெட்டுறீங்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கடுகும் மஞ்சளும் சேர்த்து வினிகரும் சீனியும் கொதித்ததும் மிளகாயைக் கொட்டினேன். நெடி ஏறி இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். ஐந்து நிமிடத்தில் மிளகாயை அரித்தெடுத்துப் பாட்டிலில் போட்டுவிட்டு, பாகு நிதானமாக இறுகட்டும் என்று தீயைக் குறைத்தேன். அவர் கூட்டினார். நான் குறைத்தேன். மூடியைத் துடைக்கத் திரும்பியதும் மறுபடி கூட்டினார். பாகு பொங்கி, காலையில்தான் தேய்த்த அடுப்பு முழுக்க வழிந்தது.

"பரவாயில்ல," என்றேன்.

"சாரி லா," என்றார்.

புதுச் சம்பந்திகள் கூட இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். மிச்சப் பாகை மிளகாய் மேல் ஊற்றினேன்.

"ஒரு வாரம் ஊறணுமாம்."

அவர் கேட்கவில்லை. ஒரு வட்டத்தைக் கரண்டியில் எடுத்து ஊதி வாயில் போட்டார். கண்ணில் நீர் கட்டியது. இன்னொன்றை எடுத்து ஆறவிட்டு, விரலில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"பிடி."

"கையில கொடுக்காதீங்க. தட்டுல வைங்க."

மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் இரண்டு வீட்டிலுமே சொல்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் கொடுத்ததே இல்லை. சண்டை என்னவோ குறைவில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது.

அவர் கையை இறக்கவில்லை.

"வரட்டும்னுதான் கொடுக்கறேன். தீய ஏன் கூட்டிக்கிட்டே இருந்தேன்னு நினைச்ச? அடுப்பே நாசமாப் போச்சு, அதுக்கும் நீ வாயத் திறக்கல. எனக்கு ஒன்னும் ஆகாது, புஷ்பா. நீ திட்டாம இருக்கிறதுதான் தாங்க முடியல."

இவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? ஆனாலும் வாங்கினேன். வாயில் போட்டதும் இனித்தது, பிறகு சுரீர் என்றது. நாலு மாத அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன்.

"பாகு இறுகிப் பாறையா கிடக்கு. யாரு சுரண்டுவா? உங்கப்பனா?"

"எங்கப்பன ஏன்டி இழுக்கறே?"

அந்த 'டி'யைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! கரித்துணியை அவர் மேல் எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.